பழைய கணினியைக் கேமுக்குத் தேற்றிய அனுபவம்

கணினி பழசாகிவிட்டது, கேம் ஓடவில்லை என்று யாரிடம் சொன்னாலும் "கிராபிக்ஸ் கார்டை மாத்து" என்பதுதான் முதல் பதில். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் என் கணினி, தம்பியின் கணினி, கூட வேலை பார்க்கும் நண்பரின் கணினி மூன்றையும் பிரித்துப் பூட்டிய பிறகு நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: இது எந்த இடத்தில் திணறுகிறது? அது தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

என்னுடையது 2014-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-4590, எச்81 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. எங்கே திணறுகிறது என்று பார்க்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடும் புராசசரின் ஒவ்வொரு கோரின் (உள்ளே தனித்தனியாகக் கணக்கிடும் பகுதியின்) பயன்பாடும் திரையின் மூலையில் தெரியும்படி வைத்தேன். அதைவிட எளிதான சோதனை ஒன்று உண்டு. கேமில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது, நன்றாக ஏறினால் திணறுவது கார்டு. ஏறவே இல்லை என்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, புராசசரோ ரேமோதான் பின்தங்குகிறது. விட்சர் 3-இல் எனக்கு ஃபிரேம் சட்டென்று ஏறியது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஊர் பெரிதாகிவிட்ட பிறகு ரெசல்யூஷனை எவ்வளவு இறக்கினாலும் அதே ஃபிரேம்தான். ஒரே கணினி, இரண்டு கேமுக்கு இரண்டு நோய். அதனால் பொதுவாக எது நல்ல கார்டு என்று தேடுவதைவிட, நாம் அதிகம் விளையாடும் கேம் எதைக் கேட்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

முதலில் செய்தது ரேம். ஒரே ஸ்டிக்கில் டிடிஆர்3-1600 ரேமின் வேகம் நொடிக்கு 12.8 ஜிபி. அதே மாதிரி இன்னொரு ஸ்டிக்கைப் போட்டதும் இரண்டும் ஜோடியாக வேலை செய்து 25.6 ஜிபி ஆகிறது. 8 ஜிபி 16 ஆனதோடு பாதையும் அகலமானது. சராசரி ஃபிரேம் கொஞ்சம்தான் கூடியது, ஆனால் திடீர் திடீரென்று சிக்கி நிற்பது வெகுவாகக் குறைந்தது. விளையாடும்போது நம்மை எரிச்சல்படுத்துவது அந்தச் சிக்கல்தானே, சராசரி அல்ல.

அடுத்து எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம். இது ஃபிரேமைக் கூட்டாது, அந்த எதிர்பார்ப்போடு வாங்க வேண்டாம். கேம் திறக்கும் நேரம் குறையும், பெரிய உலகத்தில் வேகமாக ஓடும்போது கட்டடங்கள் தாமதமாக முளைப்பது குறையும். எச்81 போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எஸ்டியைச் செருகும் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். தவறான போர்ட்டில் செருகினால் எஸ்எஸ்டியின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எது எது என்று போர்டிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அல்லது மேனுவலில் இருக்கும்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். என் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பார்த்தால் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். புராசசருக்கும் கார்டுக்கும் போவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்தான், ஆகவே கேமுக்கு அது 216 வாட் எஸ்எம்பிஎஸ். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாக அதற்கு அதிகபட்சம் 75 வாட் வரும். 6-பின் கேபிள் இன்னொரு 75, 8-பின் கேபிள் 150. கார்டு கேட்கும் கேபிள் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையென்றால் அடாப்டர் போட்டுச் சமாளிக்க வேண்டாம். கேபிள் இல்லை என்பதே அந்த எஸ்எம்பிஎஸ் அந்தச் சுமைக்குச் செய்யப்படவில்லை என்பதற்கு அடையாளம். நான் கார்டுக்கு முன்பே நல்ல 550 வாட் ஒன்று வாங்கினேன். அடுத்த கணினிக்கும் அதுவே போகும்.

கார்டு தேர்வில் எச்81 இன்னொரு முட்டுக்கட்டை. அதன் ஸ்லாட் பிசிஐஇ 2.0 என்ற பழைய தலைமுறை மட்டுமே. முழு 16 லேன் (தரவு போகும் பாதை) கார்டு போட்டால் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும், அது போதுமானது. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் மட்டும் உள்ள கார்டு அந்த ஸ்லாட்டில் நொடிக்கு 2 ஜிபிதான் பெறும். அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் திரை திக்கித் திக்கி நகரும். புதிய போர்டுக்கு என்று செய்த கார்டு பழைய போர்டில் இப்படி மாட்டிக்கொள்கிறது. இன்டெல் ஆர்க் கார்டுகளும் இதே வகை. ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் புராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத போர்டில் அவற்றின் முழு வேகம் வராது. நான் பழைய சந்தையில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் எடுத்தேன். 6 ஜிபி, 16 லேன், 125 வாட். வாங்குமுன் விற்றவர் கணினியிலேயே கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடும் விசிறிச் சத்தமும் திரையில் புள்ளிகள் வருகின்றனவா என்பதும் பார்த்தேன். கார்டின் நீளத்தையும் கேபினெட்டுக்குள் அளந்து பார்த்துவிடுங்கள், ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கும்.

விட்சர் 3 அதன்பிறகு மிக நன்றாக ஓடியது. ஆனால் அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் நகரத்துக்குள் நுழைந்தால் நான்கு கோரும் 100 சதவீதம், கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. அப்போதுதான் புராசசரைத் தொட்டேன். அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4790, நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை). மின் தேவை இரண்டுக்கும் அதே 84 வாட்தான், அதனால் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. புராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவி, கூலரில் அடைந்திருந்த தூசியையும் ஊதினேன். ஐ7 கிடைக்காதவர்கள் சியான் இ3-1231 வி3 பார்க்கலாம். ஏறக்குறைய அதே புராசசர், உள்ளே கிராபிக்ஸ் மட்டும் இல்லை. உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தம்பியின் கதை இதைவிட மகிழ்ச்சியானது. அவனுடையது பி450 போர்டு, ரைசன் 5 1600. ஏஎம்4 சாக்கெட்டுக்கு ஏஎம்டி கொடுத்த ஆயுளை நான் மனதாரப் பாராட்டுவேன். 2018-இல் வந்த போர்டில் 2022-இல் வந்த ரைசன் 5 5600 அப்படியே உட்கார்ந்தது. பழைய புராசசர் இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்துவிட வேண்டும், கழற்றிய பிறகு பல போர்டுகளில் அது முடியாது. இன்னொன்று, கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் புராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், கீழே இருக்கும் பின்கள் வளைந்துபோகும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுத்தோம். அவனுடைய 3200 ரேம் வாங்கிய நாளிலிருந்து 2133-இல்தான் ஓடிக்கொண்டிருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி ஒன்றை இயக்கினால் சரி. உங்களுடையதையும் இப்போதே பாருங்கள், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே தெரியும்.

நண்பருடையது அலுவலகத்திலிருந்து கழித்த சின்னக் கணினி. எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் கனெக்டரும் அந்த நிறுவனத்துக்கே உரியவை, வெளியிலிருந்து வாங்கி மாட்ட வழியில்லை. அங்கே ஒரே வழி ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் கார்டு. குள்ளமான ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று கிடைத்தது. 1650-இலும் சில வகைகள் 6-பின் கேட்கும் என்பதால் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் வாங்கினார்.

என் கணினிக்கு இனி எதுவும் செய்வதாக இல்லை. விண்டோஸ் 11-இன் பட்டியலில் நான்காம் தலைமுறை இன்டெல் கிடையாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓடவைக்கும் ஸ்டீமின் புரோட்டான் வழியாகத் தனியாக விளையாடும் கேம்களை ஓட்டுகிறேன். நான் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை ஓடுகின்றன. வேலரண்ட் லினக்ஸில் ஓடாது, அதைத் தம்பி கணினியில் பார்த்துக்கொள்கிறேன். டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரைவது) கட்டாயமான கேம்களுக்கு 1660 சூப்பரும் போதாது. அவற்றுக்கு என்றைக்காவது போர்டு, புராசசர், ரேம், கார்டு நான்கையும் மாற்ற வேண்டும். கேபினெட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி மூன்றும் அப்படியே இருக்கும்.