ஜூன் 26 ஊர்வலம் முடிந்த பிறகு பள்ளியில் என்ன செய்வது?

பள்ளிக்குழு_தலைவி

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி, 6 முதல் 12 வரை 640 பிள்ளைகள். கழிப்பறைக்குப் பின்னால் கூல் லிப் புகையிலை உறைகள் கிடக்கின்றன. போதை ஒழிப்பு நாளுக்கு வழக்கம்போல ஊர்வலம், உறுதிமொழி, காவல் ஆய்வாளர் உரை, புற்றுநோய் வந்த வாயின் படங்கள் என்று திட்டம். போதையிலிருந்து மீண்ட ஒருவரைப் பேச அழைக்கலாம் என்றும் ஒரு யோசனை. கையில் 12,000 ரூபாய் இருக்கிறது, ஆலோசகர் கிடையாது. உருப்படியாக என்ன செய்யலாம்?

சுண்ணக்கட்டி

மீண்டவரை மேடையேத்தாதீங்க. அவர் நல்லா உடுத்தி நிக்கிறதைப் பார்க்கிற எட்டாம் வகுப்புப் பையன் மனசுல பதியுறது, "மாட்டினாலும் வெளியே வந்துடலாம்"ங்கிறதுதான். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2018-ல் திருத்தி வெளியிட்ட தடுப்பு நெறிகளில், பலன் தராத முறைகளோட வரிசையில இதுவும் இருக்கு. பயமுறுத்தல், ஒருவழிச் சொற்பொழிவு, காவலர் எடுக்கிற வகுப்பு எல்லாமே அதே வரிசைதான். அமெரிக்காவில் 1983-ல் தொடங்கின 'டேர்' திட்டமே காவலர்கள் வகுப்பெடுத்ததுதான். ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தும், அதன் பழைய பாடத்திட்டத்தால பழக்கம் குறைஞ்சதா தெரியலை.

பலன் தர்றது பயிற்சி. வாரம் ஒரு பீரியட்னு 10 முதல் 15 வாரம். அடுத்த வருஷம் நினைவூட்டலுக்கு மூணு நாலு வகுப்பு. ஏழாம் வகுப்பிலயே தொடங்கிடுங்க, பத்தாவதுல தொடங்கினா தேர்வு விழுங்கிடும்.

முதல் வகுப்புக்குத் துண்டுச் சீட்டு போதும். "உங்க வயசுப் பிள்ளைங்க 100 பேரில் எத்தனை பேர் புகையிலை போடுறாங்க?" பேர் வேண்டாம், எண் மட்டும். எல்லா எண்ணையும் கரும்பலகையில எழுதுங்க. பெரும்பாலும் நாற்பது, அறுபதுன்னுதான் எழுதுவாங்க. பக்கத்துல 2019 இளையோர் புகையிலைக் கணக்கெடுப்போட எண்ணை எழுதுங்க: இந்தியாவில் 13–15 வயசு மாணவர்களில் 8.5 சதவீதம். "எல்லாரும் போடுறான், நான் மட்டும்தான் பாக்கி"ங்கிற நினைப்பு அங்கேயே ஆட்டம் காணும். "நீ போடுறியா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கையெழுத்தைக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயந்து அதுக்கப்புறம் ஒரு சீட்டுலயும் உண்மை வராது.

நாலாவது அஞ்சாவது வகுப்புல மறுக்கப் பழகுறது. 45 நிமிஷத்துல விளக்கம் அஞ்சே நிமிஷம், நடிப்புக்கு 30, பேச்சுக்கு மிச்சம். வற்புறுத்துற வேஷத்தை ஆசிரியரே போடணும். பையன்கிட்ட கொடுத்தா அவன் வற்புறுத்தத்தான் நல்லாப் பழகுவான், கைதட்டலும் அவனுக்கே விழும். "ஒரு தடவைதான்டா, பயந்தாங்கொள்ளி"ன்னு நீங்க சீண்டணும். "வேணாம்டா, கோச் வாசனை பார்ப்பாரு, நான் கிரவுண்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டு அவன் நடையைக் கட்டணும். நடந்து விலகுறது முக்கியம். நின்னு வாதாடினா தோத்துடுவான். ஒவ்வொரு பிள்ளையும் ரெண்டு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கணும்.

எந்த மாத்திரை, எந்தப் பசை, எப்படி எடுப்பாங்கன்னு பாடம் நடத்த வேண்டாம். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடும்.

எல்லைக்கோடு

வகுப்பு சரி, கடையை விட்டுவிட்டீர்களே. 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக்கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக்கூடாது. வாசற்கதவிலிருந்து அளந்துவிட்டுக் கடைக்காரரிடம் வாக்குவாதத்தில் தோற்பவர்கள் உண்டு. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். 100 அடி நாடா, இரண்டு பேர், கொஞ்சம் மஞ்சள் பெயின்ட் போதும். கோடு போட்ட அன்றே பஞ்சாயத்துத் தலைவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான், அதற்கு யாரும் அசரமாட்டார்கள். கடைக்காரரிடம் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவைப் படித்துக் காட்டுங்கள்: குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். முதலில் பேச்சு, அடுத்து எழுத்தில் அறிவிப்பு, அதற்கும் மசியாவிட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தேதியிட்ட மனு. ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். கடைக்காரரின் சொந்தக்காரர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், அதுவே பாதி வேலையைச் செய்யும்.

பள்ளிக்குழு_தலைவி

நன்றி. மாட்டிய பிள்ளையை என்ன செய்வது? டி.சி. கொடுக்கச் சொல்லிப் பெற்றோர் சிலர் வற்புறுத்துகிறார்கள்.

ஈறும்_பல்லும்

டி.சி. கொடுத்தால் அவன் நாள் முழுக்க அந்தக் கடை வாசலில்தான் இருப்பான். வகுப்பில் எல்லார் எதிரிலும் பையைக் கொட்டிச் சோதிக்கவும் கூடாது. அவன் நம்புகிற ஒரே ஓர் ஆசிரியர் தனியாகப் பேசட்டும். அதன் பிறகு பெற்றோர்.

கூல் லிப் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குகிற சிறு பொட்டலம். வழக்கமாக வைக்கும் இடம் வெளுத்து, சுருங்கிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் பல் பரிசோதனை வைத்தால் யாரையும் தனியாகக் குறிவைக்காமலே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் தலைமையாசிரியர் மேசைக்குப் போகக்கூடாது.

நிறுத்தியதும் முதல் மூன்று நாள் எரிச்சல், தலைவலி, கவனமின்மை உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் அவன் முறைத்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை. மாத்திரை, கஞ்சா, பசை என்று போயிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கே கூட்டிப்போங்கள். பசை, வொயிட்னர் மோப்பத்தைச் சின்ன விஷயமாக விடாதீர்கள்: 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே வகை அதுதான், 0.58-க்கு எதிராக 1.7 சதவீதம்.

சுண்ணக்கட்டி

பணத்தைப் பத்திச் சொல்ல விட்டுட்டேன். பேனருக்கு ஒரு பைசா வேண்டாம். சீட்டு, பாடத்தாள் அச்சுக்கு 2,000. மிச்சத்துக்கு வாலிபால் வலை, பந்து, கேரம் போர்டு. பள்ளி விட்டதிலிருந்து 6 மணி வரைக்கும் மைதானம் திறந்திருக்கணும், தினம் ஒரு பெற்றோர் முறை வச்சு அங்கே உட்காரணும். முறைப் பட்டியலை இப்பவே எழுதி நோட்டீஸ் போர்டில ஒட்டிடுங்க, இல்லன்னா ரெண்டாவது வாரமே ஆள் வராது.