தேரி எனும் செம்மணலில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது – அவசர உதவி

பனங்காட்டான்:
அண்ணாச்சிமாரே, டிடெக்டர் கத்திக்கிட்டே இருக்கு. சத்தம் வந்த இடத்தைத் தோண்டினா ஒண்ணும் இல்ல, குழி போட்டதும் சத்தமும் போயிருது. காலையில இருந்து 15 குழி ஆச்சு. பழைய காசு கிடக்கும்னு பெரியவங்க சொன்ன இடம். ஞாயித்துக்கிழமை வரைதான் ஊர்ல இருப்பேன். மெஷின் கோளாறா?

காலணா ராஜா:
என்ன மாடல்? எந்த மோட்? சென்சிட்டிவிட்டி (மெஷினோட உணர்திறன்) எத்தனை கட்டம்? என்ன மண்ணு?

சுருள்கம்பி:
மேல கரண்ட் கம்பி போகுதா? பக்கத்துல பம்புசெட் ஓடுதா? பாக்கெட்ல போன் இருக்கா? பெரும்பாலும் இதுதான் காரணம். முதல்ல போனை ஏரோபிளேன் மோட்ல போடுங்க.

வைகைக்கரை:
பேட்டரியைப் பாருங்க. பழசும் புதுசும் கலந்து போட்டா இப்படித்தான் ஆடும்.

செல்லாக்காசு:
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. கையேட்டை ரெண்டு தடவை படிச்சிட்டு வெளிய இறங்கணும். மாடல் பேரைக்கூடச் சொல்லாதவருக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

பனங்காட்டான்:
கேரட் ஏஸ் 250. புது பேட்டரி நாலு. எல்லா உலோகத்துக்கும் கத்துற ஆல் மெட்டல் மோட், சென்சிட்டிவிட்டி ஃபுல். தாத்தாவோட விளை, திருச்செந்தூர் பக்கம் தேரி. கரண்ட் கம்பி இல்ல.

கொற்கைவாசி:
தேரின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே! மெஷின்ல கோளாறு இல்ல தம்பி, மண்ணுதான் கத்துது. தேரி மணல் சிவப்பா இருக்கிறதே மணல் மணிமேல படிஞ்ச இரும்பு ஆக்சைடாலதான். கூடவே இல்மனைட், மேக்னடைட்னு இரும்புச்சத்துள்ள கருமணலும் கலந்திருக்கு. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மணல்ல இழுங்க. பையைச் சுத்தி கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டும். பையை உள்பக்கம் வெளியா திருப்பினா அவ்வளவும் உதிர்ந்துரும். எவ்வளவு ஒட்டுதோ அவ்வளவு தொல்லை.

ஏஸ் 250-ல கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணோட சத்தத்தைக் கழிக்கிற அமைப்பு) தொழிற்சாலையிலேயே நிலையா வச்சது, நாம மாத்த முடியாது. சாதாரண வயல் மண்ணுக்கு அது போதும். தேரியில காயில் (தரைமேல வீசுற தட்டு) அரை அங்குலம் ஏறி இறங்கினாலே அதை உலோகம்னு எடுத்துக்கும். வீசுற வீச்சோட ரெண்டு ஓரத்துலயும்தானே சத்தம் கூடுதலா வருது? கை அங்கதான் மேல தூக்கும். குழி போட்டதும் சத்தம் போறதும் இதனாலதான். காயிலுக்குக் கீழ இருந்த மண்ணை அள்ளிட்டீங்க.

சுருள்கம்பி:
மண்ணா, மின்சாரமான்னு பிரிக்க வழி இருக்கு. காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாம பிடிங்க. அப்பவும் கத்தினா மின்சாரம் இல்லன்னா வயர். காயில் வயர் தண்டுல இறுக்கமா சுத்தியிருக்கணும், தளர்ந்து ஆடினாலும் பொய்ச்சத்தம் வரும். வயரை ஆட்டிப் பாருங்க, காயிலை விரலால தட்டிப் பாருங்க. தூக்கினதும் அமைதியாயிட்டா கொற்கைவாசி சொன்னதுதான்.

பனங்காட்டான்:
தூக்கினா சத்தமே இல்ல. காந்தத்துல கொத்துக் கொத்தா ஒட்டுது. இப்ப என்ன செய்ய?

கொற்கைவாசி:
சென்சிட்டிவிட்டியை 8 கட்டத்துல இருந்து 3-க்கு இறக்குங்க. ஆழம் குறையும், ஆனா காதுல விழுறது நிஜமா இருக்கும். காயிலைத் தரையில உரசாம ரெண்டு அங்குலம் மேல, ஒரே மட்டத்துல வச்சு, ஒரு வீச்சுக்கு ரெண்டு வினாடி எடுத்து மெதுவா வீசுங்க. சத்தம் வந்தா 90 டிகிரி திரும்பி நின்னு குறுக்க வீசுங்க. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல, ஒரே தொனியில வந்தாத்தான் தோண்டணும்.

சரியான இடத்தைக் காட்டுற பின்பாயின்ட் பட்டனை ஆகாசத்துல அமுக்கிட்டுக் கீழ இறக்காதீங்க, தேரியில தரையே கத்தும். சத்தம் வந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தேடுற அதே உயரத்துல வச்சு அமுக்கி, அப்படியே நகர்த்திட்டு வாங்க. மம்பட்டியும் இரும்புதான், அதை ஆறடி தள்ளிப் போடுங்க.

காலணா ராஜா:
ஆல் மெட்டலும் வேண்டாம். நாமே அமைக்கிற கஸ்டம் மோட் போட்டு, திரையில உலோக வகை காட்டுற கட்டங்கள்ல இடது ஓரத்து இரும்புக் கட்டம் ரெண்டை மட்டும் எலிம் பட்டனால எடுத்துருங்க. காயின்ஸ் மோட் அமெரிக்கக் காசுக்குப் போட்ட கணக்கு, நம்ம நிக்கல் ஒரு அணா அது தள்ளிவிடுற இடத்துல விழலாம். செம்புக் காலணா (1835 கம்பெனி, 1862 விக்டோரியா) வலது பக்கம் மணிச்சத்தத்தோட வரும். ஆனா மாட்டு லாடம், வாஷர் மாதிரி தட்டையான இரும்பும் அதே மணியை அடிக்கும். காயிலைக் கொஞ்சம் கொஞ்சமா உயர்த்துங்க. ஒரு அடி மேலயும் சத்தம் பலமா இருந்தா அது காசு இல்ல. திரையில ஆழம் காட்டுற கோடும் காசு அளவுக்குப் போட்டதுதான், பெரிய இரும்பை மேலாப்புல கிடக்கிறதா காட்டும். திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரக் காசு அரை கிராம்கூட வராது, அதை இந்த மண்ணுல எதிர்பார்க்காதீங்க.

லாடக்காரன்:
20 அடி ஆழத்துல தங்கம் காட்டுற ஆன்டெனா மெஷின் இருக்காமே?

சுருள்கம்பி:
கிடையாது. இந்த மெஷினுக்குத் தனிக் காசு ஒரு சாண் ஆழத்துல கிடைச்சாலே பெருசு. ஆன்டெனாக் குச்சிக்குப் பணம் கட்டிராதீங்க.

செல்லாக்காசு:
சட்டத்தை யாருமே சொல்லலையே. 1878 புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சு கிடந்தது கிடைச்சு மதிப்பு 10 ரூபாய் தாண்டினா, தன்மை, இடம், தேதியோட கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரை சிறை. ஆதிச்சநல்லூர் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்துப் பக்கம் மெஷினோட போகவே கூடாது.

வைகைக்கரை:
வழியில தவறி விழுந்த ஒத்தைக் காலணா எப்படிப் புதையலாகும்? கிடைச்சா புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்.

காலணா ராஜா:
புளியைத் தொடாதீங்க! செம்புக் காசுமேல இருக்கிற பச்சை, பழுப்புப் படலம்தான் எழுத்தைக் காப்பாத்தி வச்சிருக்கு. புளியோட அமிலம் அதைத் தின்னுரும். தேய்ச்ச காசை நாணயம் சேர்க்கிறவங்க கையால தொட மாட்டாங்க.

வைகைக்கரை:
குத்துவிளக்கை எத்தனை தலைமுறையா புளியிலதானே தேய்க்கிறோம்? விளக்கு கெட்டா போச்சு?

காலணா ராஜா:
விளக்குல எழுத்து இல்ல. காசுல தேதி புடைச்சிருக்கிற உயரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

கொற்கைவாசி:
கடலோர மண்ணுல உப்பும் சேரும். இளம்பச்சையா மாவு மாதிரி உதிர்ந்தா அது குளோரைடு அரிப்பு. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு, தினமும் தண்ணியை மாத்தி, வாரக்கணக்குல வைக்கணும். பிறகு நிழல்ல நல்லா உலர்த்தணும். மண்ணை எடுக்க ஈர்க்குச்சி போதும்.

செல்லாக்காசு:
சட்டத்துக்குப் பதில் வரலையே. எது மறைஞ்சது, எது தவறி விழுந்ததுன்னு தோண்டினவரா முடிவு பண்றது? எழுதிக் கொடுத்துட்டா பிரச்சினையே இல்ல.

பனங்காட்டான்:
3 கட்டத்துல வச்சதும் அடங்கிருச்சு. லாடம் நாலு, ஓட்டைக் காலணா ஒண்ணு, 1944. மூணு அங்குல ஆழம். தேய்க்கல. ரொம்ப நன்றி அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

காலணா ராஜா:
அருமை! திரையில எந்த உலோகக் கட்டத்துல காட்டுச்சு? ஓட்டைக் காசு நடுவுல வந்துச்சா, வலது ஓரத்துலயா?

காலணா ராஜா:
தம்பி, அந்தக் கட்டத்தை மட்டும் சொல்லுங்க, தேரியில தேடுற மத்தவங்களுக்கு உதவும்.