நான்கு வரைவுகளில் என் கடிதம் எது?

சென்ற மாதம் இரவு ரயிலில் வரும்போது, என் ஆய்வு நெறியாளருக்கு எழுதிவைத்திருந்த நீண்ட மின்னஞ்சலை மடிக்கணினியில் திருத்திக்கொண்டிருந்தேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. விடிந்து பார்த்தபோது வரைவுப் பெட்டியில் ஒரே தலைப்பில் நான்கு கடிதங்கள் கிடந்தன. மேலே இருந்ததை அவசரத்தில் அனுப்பிவிட்டேன். அது பழைய பிரதி. "தங்கள் கருத்தை நான் ஏற்க இயலாததற்குக் காரணம்" என்பதோடு மூன்றாம் பத்தி நின்றுபோயிருந்தது. நேரில் சென்று மன்னிப்புக் கேட்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

பிறகு காரணத்தைத் தேடிப் படித்தேன். கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக் கையாளும் ஐமேப் என்ற மின்னஞ்சல் முறையில், சர்வரில் சேர்ந்துவிட்ட கடிதத்தின் உள்ளடக்கத்தை மாற்றவே முடியாது. நாம் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினாலும், மென்பொருள் முழுக் கடிதத்தையும் புதிதாக ஏற்றிவிட்டு, அதன் பிறகே பழையதை நீக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் இரண்டுமே தங்கிவிடும். முதலில் நீக்கிவிட்டுப் பிறகு ஏற்ற முனைந்திருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது. ஆகவே நகல்கள் பெருகியதற்காக நான் மென்பொருளைக் குறைகூற மாட்டேன். பழையதை நீக்க முடியவில்லை என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் இருந்துவிட்டதே என் மனக்குறை. இரு வேலைகளையும் ஒரே கட்டளையில் முடிக்கும் 'ரீப்ளேஸ்' என்ற ஐமேப் நீட்சி, ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 8508-ஆவதாக 2019-இல் வெளியானது. சர்வர், மென்பொருள் இரண்டும் அதை அறிந்திருந்தால்தான் பயன்.

மறுமொழி:

வணக்கம் சகோதரி. எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நான் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், இயங்கும் மின்னஞ்சல் நிரல் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அது கடிதத்தைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் வைத்து, எழுதும் வேலையை விம் என்ற உரை எடிட்டரிடம் ஒப்படைக்கும். ஒரு நாள் நினைவகம் போதாமல் லினக்ஸ் இயங்குதளம் அந்த விம்மை நிறுத்திவிட்டது. கோப்பில் மாற்றம் இல்லை என்று கண்ட மின்னஞ்சல் நிரல், நான் எதையும் எழுதாமல் மூடிவிட்டதாகக் கொண்டு கோப்பையே அழித்துவிட்டது. ஒரு மணி நேர உழைப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

அருகில் எஞ்சியிருந்த, விம் தானாக வைத்துக்கொள்ளும் 'ஸ்வாப்' என்ற காப்புக் கோப்புதான் காப்பாற்றியது. 200 எழுத்துகளைத் தட்டியதும், அல்லது 4 விநாடி விரல் ஓய்ந்ததும், விம் அதுவரை எழுதியதை அதில் பதிந்துவிடும். மீட்பு ஆணையோடு திறந்தபோது கடைசி வரியைத் தவிர அனைத்தும் திரும்பி வந்தன. எழுதுவதைப் பாதியில் முறித்தால் மிச்சத்தை 'டெட் லெட்டர்' என்ற கோப்பில் போட்டுவைக்கும் வழக்கம் பழைய மெயில்எக்ஸ் என்ற மின்னஞ்சல் நிரலிலேயே உண்டு. எடிட்டர் பிழையோடு வெளியேறினால் கோப்பை அழிக்காதிருக்கும்படி என் நிரலை உருவாக்குவோருக்கு எழுதியிருக்கிறேன்.