புதுப்பிப்பு: சிரிப்புப் பேட்டிகள் பார்த்து ஆங்கிலம் பேசிப் பழகியது

வெளிநாட்டு வாடிக்கையாளர் சகஜமாகப் பேச ஆரம்பித்தால் வாயடைத்துப் போகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, பிரபலங்களின் சிரிப்புப் பேட்டித் துண்டுகளைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பிபிசியின் கிரஹாம் நார்ட்டன் ஷோவை எடுத்துக்கொண்டேன். விருந்தினர்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து, நம் திண்ணைப் பேச்சு மாதிரி ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்துவிடுவார்கள். அதில் சிவப்பு நாற்காலிப் பகுதி ரொம்பப் பயன்பட்டது. பார்வையாளர் ஒருவர் தன் கதையைச் சொல்வார். சலிப்பாக இருந்தால் நெம்புகோலை இழுத்து நாற்காலியோடு பின்பக்கம் கவிழ்த்துவிடுவார்கள். குட்டிக் கதை என்பதால் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகலாம்.

திருமயிலையிலிருந்து பெருங்குடி வரை பறக்கும் ரயிலில் சப்டைட்டிலோடு, 0.75 வேகத்தில் கேட்பேன். இரவு மொட்டைமாடியில் சப்டைட்டில் இல்லாமல், கூடவே வாய்விட்டுச் சொல்வேன். வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பலன் பாதிதான்.

எதிர்பாராத ஒன்று: "ஹேங் ஆன்", "நோ வே" என்று இடையில் புகுந்து பேசும் தைரியம்தான் முதலில் வந்தது. சரளம் அப்புறம்தான்.

அமெரிக்காவின் ஜிம்மி ஃபாலன் நடத்தும் பேட்டி நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள், தொடக்கத்தில் அவர் தனியாக நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசும் மோனோலாக்கைத் தாண்டிவிடுங்கள். அன்றைய அமெரிக்கச் செய்தி தெரிந்தால்தான் அது புரியும். பேட்டிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.