ஒரே குடும்பத்துச் சொற்கள், வேறு வேறு உச்சரிப்பு: உதவுங்களேன்

நண்பர்களே, ஒரே வேரில் பிறந்த ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் இடம் மாறுவது என்னைத் திணற வைக்கிறது. 'ஃபோட்டோகிராஃப்' (படம்) முதல் அசையில் அழுந்துகிறது. படம் எடுப்பவரைச் சொன்னால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, 'ஃபடாக்ரஃபர்' என்றாகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றாலோ மூன்றாம் அசை! 'இக்' என முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் என்பது மட்டும் பிடிபட்டது. மற்ற விகுதிகளுக்கும் இப்படி விதி உண்டா?

இன்னொன்று, 'அட்வைஸ்'. அறிவுரை என்ற பெயர்ச்சொல்லில் கடைசி ஒலி வெறும் 'ஸ்'. அறிவுரை சொல் என்ற வினையில் அதே ஒலி தொண்டை அதிர வருகிறது. அதற்குத் தமிழில் எழுத்தே இல்லை, என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். காதை எப்படிப் பழக்கினீர்கள்? விளக்கிச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.