விண்வெளி இயக்க நோய்: வேறு சொல் வேண்டும்

அன்பர்களே, வணக்கம். பதினோராம் வகுப்புக்கான துணைப்பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. விண்வெளியில் எடையற்ற நிலையில் தலைசுற்றலும் குமட்டலும் வாந்தியும் வரும். அந்த 'ஸ்பேஸ் மோஷன் சிக்னஸ்' என்பதற்கு முந்தைய படியில் 'விண்வெளி இயக்க நோய்' என்றிருக்கிறது. கைகால் இயங்காமல் போகும் நோய் என்றே மாணவிகள் புரிந்துகொள்கிறார்கள். 1961இல் வஸ்தோக் 2 விண்கலத்தில் பறந்த சோவியத் வீரர் டிட்டோவ் முதல், விண்வெளி சென்றோரில் பாதிக்கும் மேலானவர்களை முதல் இரண்டு மூன்று நாள் இது வாட்டியிருக்கிறது. சொல் தாருங்கள்.
— ஆசிரியை, அஸ்தம்பட்டி

அம்மா, 'நோய்' என்பதே பிழை. நல்ல உடம்புக்குத்தான் இது வருகிறது. குமட்டலுக்கு 'உவட்டு' என்ற பழஞ்சொல் இருக்கிறதே! உவர் என்றால் உப்பு. உவர்த்தல் என்றால் வெறுத்தல். வாந்திக்கு முன் வாயில் நீர் ஊறுவதை எண்ணிப் பாருங்கள். உவர், உவட்டு, உமட்டு, குமட்டு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. 'விண்ணுவட்டு' எனலாம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

ஐயா, உமட்டு சரி. குமட்டுக்கு ககரம் எங்கிருந்து வந்தது? அது கிடக்கட்டும். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் எந்தப் பிள்ளையும் 'உவட்டுது' என்பதில்லை. 'குமட்டுது' என்கிறது. 'விண்குமட்டல்' போதும்.
— ஏற்காடு

பேருந்தில் புத்தகம் படிக்கும்போது காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது. விண்கலத்தில் கதை வேறு. உட்செவியின் சுண்ணாம்புத் துகள்களுக்கு எடை இல்லாததால் தலை சாய்ந்ததைச் சொல்ல ஆளில்லை. அரைவட்டக் குழல்களோ தலை திரும்புவதை வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மூலம் உட்செவிதான். 1950களின் பிற்பகுதி முதல் அமெரிக்க ஆய்வாளர்கள், உட்செவி செயலிழந்த காது கேளாதோர் பதினொருவரைச் சோதித்தார்கள். கொந்தளிக்கும் கடலில் ஆய்வாளர்கள் வாந்தியெடுக்க, அவர்கள் சீட்டாடினார்கள். தரை திரும்பிய பிறகும் இதே தொல்லை வரும், ஆகவே 'விண்' பொருந்தாது. சிலருக்குக் குமட்டாமலே திடீரென வாந்தி வரும், ஆகவே 'குமட்டலும்' முழுமையில்லை.
— காது மருத்துவர், சேலம்

அப்படியானால் தொல்காப்பியம் கைகொடுக்கும். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்பவற்றில் மயக்கம் என்றால் கலத்தல். புலன்கள் தரும் செய்தி கலப்பதால் 'ஈர்ப்பு மயக்கம்'. இதைவிடச் செறிவான சொல் கிடைக்காது.
— ஆத்தூர்

அழகான சொல், ஐயா. ஆனால் திரும்பி வந்தவர்கள் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் குறைந்து உண்மையிலேயே மயங்கி விழுவதுண்டு. அது வேறு சிக்கல். இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.
— காது மருத்துவர்

திங்கள் காத்திருக்காது. 'விண்குமட்டல்' என்றே அனுப்புகிறேன். தரையில் வருவதற்கு 'தரைமீள் குமட்டல்'. பெரும்பாலோர் தனிமடலில் இதற்கே இசைந்தார்கள்.
— அஸ்தம்பட்டி

அனுப்புங்கள் அம்மா. அடைப்புக்குள்ளாவது 'உவட்டு' இருக்கட்டும். ககரத்துக்கு விடை நாளை எழுதுகிறேன்.
— ஆத்தூர்