ஆப்ஜெக்ட்டைக் கோப்பில் சேமிக்க ஜாவா சீரியலைசேஷன் போதுமா, ஜேசன் (JSON) உரை வடிவம் வேண்டுமா?

நிரல்நெசவன்:
ஆப்ஜெக்ட்டை அப்படியே பைட்டுகளாக எழுதி மீட்டெடுக்கும் ஜாவா சீரியலைசேஷனைத் தொடவே கூடாது என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு ஆர்டர்கள் ஒரே முகவரி ஆப்ஜெக்ட்டைச் சுட்டினால், அது கோப்பில் ஒருமுறை மட்டுமே எழுதப்படும். மீட்டெடுத்த பின்னும் இரண்டும் அதே முகவரியைத்தான் சுட்டும். சாதாரணமாக ஜேசனில் எழுதினால் அது இரண்டு நகல்களாகிவிடும். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே நிற்கும்.

பைட்காவலர்:
வசதி உண்மைதான், அதற்கான விலையை நீங்கள் சொல்லவில்லை. மீட்டெடுக்கும்போது சீரியலைசபிள் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது ஓடும் நிரல்பகுதி) ஓடுவதில்லை என்பதால், முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தக் கூடாது என்று அங்கே எழுதிய சோதனையை, கோப்பின் பைட்டுகளை மாற்றத் தெரிந்த எவரும் தாண்டிவிடலாம். இதைவிட மோசமானது, எந்த கிளாஸை உருவாக்குவது என்பதை உள்ளே வரும் தரவே தீர்மானிப்பது. அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் நூலகத்தின் கிளாஸ்களைக் கோத்து, சர்வரில் விரும்பிய கட்டளையை ஓட்ட முடியும் என்று 2015-இல் காட்டினார்கள். கிடைத்த ஆப்ஜெக்ட் எந்த வகை என்று நம் நிரல் பார்ப்பதற்குள் கட்டளை ஓடி முடிந்திருக்கும்.

நிரல்நெசவன்:
அது வெளியாரிடமிருந்து வரும் தரவுக்குப் பொருந்தும். நான் பேசுவது, என் நிரலே எழுதி அதே நிரலே படிக்கும் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) கோப்பைப் பற்றி. அதற்கும் காவல் வேண்டுமென்றால், அனுமதித்த கிளாஸ்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஜாவா 9 முதலே இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டர் ஓடாத குறையும் ரெக்கார்டுகளுக்கு (தரவைத் தாங்குவதற்கென்றே உள்ள ஜாவா கிளாஸ் வகை) இல்லை. அவை கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே மீட்கப்படுகின்றன.

பைட்காவலர்:
"அதே நிரல்" என்பது அடுத்த வெளியீடு வரைக்கும்தான். கிளாஸின் பதிப்பைக் குறிக்கும் சீரியல் வெர்ஷன் எண்ணை நீங்களே அறிவிக்காவிட்டால், ஒரு பப்ளிக் மெத்தடைச் சேர்த்தாலே ஜாவா தானாகக் கணக்கிடும் எண் மாறி, பழைய கோப்பு படிக்க முடியாததாகிவிடும். அறிவித்துவிட்டு ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினாலோ, எந்தப் பிழையும் காட்டாமல் அதில் நல் (null) அல்லது பூஜ்யம் போன்ற வெற்று மதிப்பு வந்து உட்காரும். முந்தையது குறைந்தபட்சம் கூச்சலாவது போடுகிறது.

இடைவரி:
கேஷ் என்றால் அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், அங்கே இந்த வாதம் எடுபடாது. பயனரின் தரவென்றால் பைட்காவலர் பக்கமே நியாயம். ஆனால் ஜேசனுக்கு மாறியதுமே தப்பித்தோம் என்று நினைப்பதும் தவறு. ஜேசனைப் படிக்க, எழுத உதவும் ஜாக்சன் நூலகத்தில் கிளாஸ் பெயரைத் தரவிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதியை யாருக்கும் எதற்கும் என்று திறந்துவைத்தவர்கள், இதே ஓட்டையில்தான் விழுந்தார்கள்.